செத்தது கடல்ல, கல்லு சொந்த ஊர்ல: செக் விமானிகளோட நினைவுச் சின்னங்கள் ஏன் இவ்ளோ லேட்டா வந்துச்சு?

செக் குடியரசுல ஒரு சின்ன ஊர்னு வெச்சுக்குங்க. ஒரு சர்ச், ஒரு குளம், ஒரு பஸ் ஸ்டாப், மொத்தமே நூறு நூத்தம்பது வீடு. அங்க ஒரு பழைய வீட்டுச் சுவத்துல புதுசா ஒரு பலகை திறக்குறாங்க. ராணுவத்துல இருந்து ஆள் வர்றாங்க, பிரிட்டிஷ் தூதரகத்துல இருந்து ஒருத்தர் வர்றார், பள்ளிக்கூடப் பசங்க பூ வெக்கிறாங்க. பலகைல பேர் இருக்குற ஆள் செத்து எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவும் இந்த ஊர்ல இல்ல, இங்கிலாந்துக் கடல் மேல எங்கயோ. உடம்பு கிடைக்கல. இந்த மாதிரி செய்தியப் படிக்கிற நமக்கு உடனே வர்ற கேள்வி ரெண்டு. இங்க சாகாத ஆளுக்கு இங்க எதுக்குக் கல்லு? அப்படியே வெக்கிறதா இருந்தா 1945-லயே வெச்சிருக்கலாமே, இத்தன வருஷம் என்ன பண்ணாங்க?

ரெண்டாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்சா முதல் கேள்வி தானா தீர்ந்துடும். ஆனா அதுக்கு 1938-ல இருந்து வரணும்.

முதல்ல அடிப்படை: இவங்க யாரு, எப்படி பிரிட்டன் போனாங்க

1938 செப்டம்பர் கடைசில ம்யூனிக் ஒப்பந்தம். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி நாலும் உக்காந்து செக்கோஸ்லோவாகியாவோட எல்லைப் பகுதிய ஹிட்லருக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, அந்த நாட்டுக்காரங்கள உள்ளயே கூப்பிடல. அடுத்த ஆறே மாசத்துல, 1939 மார்ச் 15, மிச்சம் இருந்த போஹேமியா, மொராவியா முழுக்க ஜெர்மன் படை புகுந்துடுச்சு, ஸ்லோவாகியா அதுக்கு முந்தின நாளே தனி நாடுன்னு பிரிஞ்சு போச்சு. நல்லா பயிற்சி எடுத்த ஒரு விமானப் படை, ஒரு குண்டு கூட சுடாம, ஒரே நாள்ல கலைஞ்சு போச்சு. விமானம் எல்லாம் ஜெர்மன்காரன் கைக்குப் போயிடுச்சு, ஓட்டுறவங்க மட்டும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாங்க.

அப்படி வீட்டுக்கு வந்தவங்கள்ல ஒரு பகுதி பேர் ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டுனாங்க. முதல்ல போலந்து. அங்க இருந்து கப்பல்ல பிரான்ஸ். சண்டை இல்லாத நேரத்துல வெளிநாட்டுக்காரன பிரெஞ்சு விமானப் படைல சேக்க முடியாதுன்னு சொல்லி, அவங்கள ஃபாரின் லீஜன்ல (வெளிநாட்டுக்காரங்கள சேத்துக்குற பிரெஞ்சுப் படை) அஞ்சு வருஷ கான்ட்ராக்ட் போட வெச்சாங்க, யுத்தம் வந்தா விட்டுடுறோம்னு வாக்கு குடுத்து. போலந்து விழுந்த பிறகு கிளம்புனவங்க இன்னும் சுத்தி, ஹங்கேரி, யுகோஸ்லாவியா, பெய்ரூட்னு போய் பிரான்ஸ் சேந்தாங்க. 1940 ஜூன்ல பிரான்ஸும் விழ, கெடச்ச கப்பல்ல ஏறி பிரிட்டன். ஆக அங்க போய் எறங்கும்போது அவங்களுக்கு அது மூணாவது நாடு, சில பேருக்கு நாலாவது.

பிரிட்டிஷ் விமானப் படை, அதாவது ஆர்.ஏ.எஃப்., இவங்களுக்குன்னு தனி ஸ்க்வாட்ரன் அமைச்சுக் குடுத்துச்சு. (ஸ்க்வாட்ரன்னா விமானமும் விமானியும் மெக்கானிக்கும் சேந்த ஒரு படைப் பிரிவு, நம்பர்தான் அதுக்குப் பேரு.)

1. 310: 1940 ஜூலை, டக்ஸ்ஃபோர்டுல. ஹரிக்கேன் சண்டை விமானம்.
2. 311: அதே ஜூலை கடைசி, ஹானிங்டன்ல. வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். 1942 ஏப்ரல்ல இருந்து கடல் ரோந்து வேலை.
3. 312: 1940 ஆகஸ்ட், டக்ஸ்ஃபோர்டுல. சண்டை விமானம்.
4. 313: 1941 மே, கேட்டரிக்ல. ஸ்பிட்ஃபயர்.

313-ஓட குறிக்கோள் வாசகம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, "ஒரு வல்லூறு பல காக்கைய விரட்டும்"னு வரும். 311-ஓடது "எண்ணிக்கையப் பாக்காதே". இந்த வாசகங்கள் ஊர்ப் பலகைகள்ல அடிக்கடி தென்படும், அதனால சொல்லி வெக்கிறேன்.

இந்த நாலு மட்டும் இல்ல, மத்த பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரன்லயும் போலிஷ் ஸ்க்வாட்ரன்லயும் கூட இவங்க இருந்தாங்க. தரைல வேல செஞ்சவங்களையும் சேத்து ஏறக்குறைய 2,500 பேர். அதுல திரும்பாதவங்க 500-ஐ ஒட்டி. சண்டை விமானம் ஓட்டுனவங்கதான் பேர் வாங்குனாங்க, ஆனா அதிகமா ஆளப் பறிகொடுத்தது 311. குண்டுவீச்சு விமானம் ஒண்ணு விழுந்தா அஞ்சு ஆறு பேர் சேந்து போவாங்க, கடல் ரோந்து வந்த பிறகு நிறைய விமானம் தண்ணிலதான் விழுந்துச்சு.

ஒரு சொல் விளக்கம்: நான் சுருக்கமா "செக் விமானிகள்"னு எழுதுறேன், ஆனா அவங்க படை செக்கோஸ்லோவாக் படை. ஸ்லோவாக்குங்க இருந்தாங்க, வீட்டுல ஜெர்மன் பேசுனவங்க இருந்தாங்க, யூதர்கள் கணிசமா இருந்தாங்க. இது பின்னாடி முக்கியமாகும்.

கல்லறை ஒரு இடம், நினைவுக்கல் ஒரு இடம்

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழக்கப்படி யுத்தத்துல செத்தவன செத்த நாட்டுலயே புதைச்சாங்க, ஊருக்கு அனுப்பல. 1942-ல அனுப்பணும்னு நெனச்சாலும் வழி கிடையாது, ஊரு எதிரி கைல இருக்கு. அதனால லண்டனுக்குத் தென்மேற்கே ப்ரூக்வுட் கல்லறைத் தோட்டத்துல ஒரு செக்கோஸ்லோவாக் பகுதியே இருக்கு, மத்தவங்க பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ்னு சிதறிக் கிடக்காங்க. உடம்பே கிடைக்காதவங்க பேரு ரன்னிமீட் நினைவுச் சின்னத்துல, 20,000-க்கு மேல இருக்குற பேருங்களோட ஒண்ணா, சுவத்துல பொறிச்சிருக்கு. அது 1953-ல திறந்தது.

ஒரு உதாரணம் அலோயிஸ் வாஷாட்கோ. ப்ராக் பக்கத்துல இருக்குற செலாகோவிட்சே ஊர்க்காரர். மூணு செக் சண்டை ஸ்க்வாட்ரனையும் சேத்து நடத்துன விங் கமாண்டர். 1942 ஜூன் 23 அன்னிக்கு இங்கிலாந்தோட தெக்குக் கரைக்கு வெளிய ஒரு ஜெர்மன் விமானத்தோட நேருக்கு நேர் மோதிட்டார். ஜெர்மன்காரன் பாராசூட்ல குதிச்சுப் பொழச்சுட்டான், வாஷாட்கோ கடலுக்குள்ள போனவர்தான். (அதே சாயங்காலம் இன்னொரு ஜெர்மன் விமானி திசை தெரியாம வேல்ஸ்ல இருக்குற பிரிட்டிஷ் தளத்துலயே எறங்கி, அவங்க அதுவரைக்கும் கிட்ட பாக்காத புது ஃபோக்கே-வுல்ஃப் விமானத்த அப்படியே கைல குடுத்துட்டான், அது தனிக் கதை.) வாஷாட்கோவுக்கு ரன்னிமீட்ல பேரு இருக்கு. ஆனா ரன்னிமீட் எங்க, செலாகோவிட்சே எங்க? அம்மா அப்பா ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்னா எங்க போவாங்க? இதுக்குத்தான் செக் குடும்பங்கள் தங்களோட குடும்பக் கல்லறைலயே, உள்ள உடம்பு இல்லன்னு தெரிஞ்சும், மகன் பேர வெட்டி ஒரு பீங்கான் போட்டோவும் பதிப்பாங்க. வெறும் கல்லறை. ஊர் நினைவுச் சின்னங்கள்ல முதல் வகையே அதுதான், யாரும் திறப்பு விழா நடத்தாத வகை.

பேர மறைச்சுப் பறந்தவங்க

ஊருக்கும் விமானிக்கும் நடுவுல ஒரு பயம் இருந்துச்சு, அது புரியலன்னா மிச்சம் புரியாது.

ஜெர்மன் சட்டத்துக்கு இவங்க எதிரி நாட்டுச் சிப்பாய் இல்ல, ராஜதுரோகி. ப்ரொடெக்டரேட்டோட (ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த செக் பகுதிக்கு அதான் பேரு) குடிமகன், ஓடிப் போய் எதிரிப் படைல சேந்தவன். பிடிபட்டா தூக்கு வரைக்கும் போகலாம், பிடிபடலன்னா வீட்டுல இருக்குறவங்களுக்கு வெட்டு. 1942-ல இருந்து வெளிநாடு போனவங்களோட அப்பா அம்மா, அண்ணன் தம்பிய மொராவியால ஸ்வாடோபோர்ஷிட்சேன்னு ஒரு முகாம்ல கொண்டு போய் அடைச்சாங்க. அதனால நிறைய பேர் பொய்ப் பேர்ல பறந்தாங்க, ரேடியோல பேரு வரக் கூடாது, பேப்பர்ல போட்டோ வரக் கூடாது. பெரிய அதிகாரிங்க குடும்பமும் தப்பல. பிரிட்டன்ல செக்கோஸ்லோவாக் விமானப் படைக்கே தலைமையா இருந்த கரெல் யனோவ்ஷெக்கோட மனைவி ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல செத்தாங்க.

நாஜிகள் அழிச்ச லிடிட்சே ஊர்க் கதை பல பேருக்குத் தெரியும், ஆனா அதுல விமானிகள் எங்க வர்றாங்கன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1942 மே 27 அன்னிக்கு ப்ராக்ல அங்க ஜெர்மன் ஆட்சிய நடத்துன ஹைட்ரிக் மேல தாக்குதல், ஜூன் 4 ஆள் செத்துட்டான். கெஸ்டபோ, அதாவது ஜெர்மன் ரகசிய போலீஸ், யாரையாவது பிடிச்சே ஆகணும்னு வெறில இருந்த நேரம், ஸ்லானில ஒரு பேக்டரில வேல செஞ்ச பொண்ணுக்கு வந்த ஒரு லெட்டர் கைல மாட்டுச்சு. கல்யாணம் ஆன ஒருத்தன் கள்ளக் காதலிய கழட்டி விடுறதுக்கு மர்மமா எழுதுன லெட்டர், அவ்ளோதான் விஷயம். விசாரிக்க விசாரிக்க அது லிடிட்சேல இருந்த ஹோராக் குடும்பத்துல போய் நின்னுச்சு. அந்த வீட்டுப் பையன் யோசெஃப் ஹோராக், அதே ஊர் யோசெஃப் ஸ்ட்ஷீப்ர்னி, ரெண்டு பேரும் 1939-ல காணாமப் போனவங்க, பிரிட்டன்ல 311-ல இருந்தாங்க. தாக்குதலுக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கெஸ்டபோவே தேடிப் பாத்து ஒண்ணும் கிடைக்கல. ஆனாலும் ஜூன் 10 காலைல ஊர் ஆம்பளைங்கள எல்லாம் ஹோராக் வீட்டுப் பண்ணைக்குத்தான் ஓட்டிட்டு வந்தாங்க. சுட்ட தோட்டா கல்லுல பட்டுத் தெறிச்சுத் திரும்பி வரக் கூடாதுன்னு ஊர் வீடுகள்ல இருந்த மெத்தைகள எடுத்துட்டு வந்து சுவத்துல சாத்தி வெச்சாங்க. 173 பேர். பொம்பளைங்கள ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு, பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்கள செல்ம்னோல விஷவாயு வண்டிக்கு அனுப்பிட்டு ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க.

ஹோராக் 1945-ல திரும்பி வந்தப்ப வர்றதுக்கு ஊர் இல்ல. 1948-ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் மறுபடி பிரிட்டன் போய் ஆர்.ஏ.எஃப்.ல சேந்து அதே வருஷம் டிசம்பர்ல ஒரு விமான விபத்துல செத்தார். ஸ்ட்ஷீப்ர்னி நாட்டுலயே தங்கிட்டார், படைல இருந்து தூக்கிட்டாங்க.

ஏன் தூக்குனாங்க? இங்கதான் "ஏன் லேட்"ங்கறதுக்குப் பதில் ஆரம்பிக்குது.

1948-ல இருந்து 1989 வரைக்கும் என்ன ஆச்சு

1945 ஆகஸ்ட் 13, ஸ்பிட்ஃபயர் ஸ்க்வாட்ரன்கள் ப்ராக்ல வந்து எறங்குச்சு. ஊர்வலம், பூ, கூட்டம், எல்லாம் இருந்துச்சு. செக் ஊர்கள்ல முதல் உலக யுத்தத்துல செத்தவங்களுக்கு ஏற்கனவே நடுத் தெருவுல ஒரு கல்லு இருக்கும், அதுல இடம் இருந்தா கீழ புதுப் பேருங்களச் சேத்தாங்க, இல்லன்னா பக்கத்துல இன்னொண்ணு. அப்படி 1945-48-ல விமானிகள் பேரு ஏறுன ஊர்களும் உண்டு.

1948 பிப்ரவரில கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியப் பிடிச்சுச்சு. மேற்கு நாட்டுல சண்டை போட்டவன், இங்கிலீஷ் பேசுறவன், பல பேருக்கு மனைவியே இங்கிலீஷ்காரி, இவன எப்படி நம்புறதுன்னு ஒரே கணக்கு. நடந்தது இப்படி:

1. முதல்ல படைல இருந்து வெளிய. பதவியும் பென்ஷனும் போச்சு.
2. அடுத்து கைது. ஏர் மார்ஷல் பதவி வரைக்கும் போன ஒரே செக்காரர் யனோவ்ஷெக், அவருக்கே 18 வருஷம்னு ஆரம்பிச்சு ஆயுள் தண்டனை வரைக்கும் ஏத்துனாங்க, 1960 பொது மன்னிப்புலதான் வெளிய வந்தார். ஃப்ரான்டிஷெக் ஃபய்ட்ல், ஆர்.ஏ.எஃப்.ல ஒரு பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரனுக்குத் தலைமை வகிச்ச முதல் செக்கோஸ்லோவாக், அவர விசாரணையே இல்லாம முகாம்ல போட்டாங்க. இத்தனைக்கும் அவர் 1944-ல சோவியத் பக்கம் போய் ஜெர்மனிக்கு எதிரான ஸ்லோவாக் எழுச்சிக்கு விமானப் படை நடத்துனவர், அதுவும் எடுபடல.
3. வெளிய இருந்தவங்களுக்கு மூட்டை தூக்குறது, சுரங்கம், பேக்டரி. பிள்ளைங்களுக்கு காலேஜ் சீட் கிடையாது.
4. சில பேர் மறுபடி ஓடுனாங்க. 1950 மார்ச் 24 அன்னிக்கு ஒரே நாள்ல மூணு செக் பயணிகள் விமானம் ப்ராக் போகாம ம்யூனிக் பக்கத்துல எர்டிங்ல போய் எறங்குச்சு, ஓட்டுனவங்கள்ல ஒருத்தர் ஓல்ட்ஷிக் டோலெஷல். 1943 டிசம்பர்ல லிபரேட்டர் விமானத்துல போய் ஆல்ஸ்டெருஃபர்ங்கற ஜெர்மன் கப்பல மூழ்கடிச்ச அதே டோலெஷல்.
5. பேர் அழிஞ்சுது. பாடப் புத்தகத்துல நாட்ட மீட்டது கிழக்குல இருந்து வந்த படை மட்டும்தான். உயிரோட இருக்குற விமானி ஜெயில்ல இருக்கும்போது செத்த விமானிக்கு எந்த ஊர்த் தலைவர் கல்லு வெப்பார்?

1960-கள்ல கொஞ்சம் தளர்ச்சி வந்துச்சு, 1968-ல சில பேருக்கு மானம் திரும்பக் கெடச்சுச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல சோவியத் டாங்கி வந்ததும் அதுவும் நின்னு போச்சு. முழுசா மாறுனது 1989-க்கு அப்புறம்தான். 1990-ல 119-ஆம் நம்பர் சட்டம் வந்து பழைய அரசியல் தண்டனைகள ரத்து பண்ணுச்சு, தொடர்ந்து பதவிகள திருப்பிக் குடுத்தாங்க, செத்தவங்களுக்கும் செத்த பிறகான பதவி உயர்வு குடுத்தாங்க.

ஒரே ஆள், ரெண்டு சிறை: யோசெஃப் ப்ரிக்ஸ்

மேல சொன்னது எல்லாத்தையும் ஒரே வாழ்க்கைல பாக்கணும்னா ப்ரிக்ஸப் பாக்கணும். ஓலொமோட்ஸ் பக்கத்துல லாஷ்டியானிங்கற கிராமத்துல 1916-ல பொறந்தவர். 242 ஸ்க்வாட்ரன்ல பறந்தார். 1941 ஜூன் 17 பிரான்ஸ் மேல சுட்டு வீழ்த்துனாங்க. பிடிபட்டதும் "என் பேரு ஜோசஃப் ரிக்ஸ், நான் பிரிட்டிஷ்காரன்"னு சொல்லிட்டார், வீட்டுக்காரங்களக் காப்பாத்த. ஒரு எழுத்தத் தட்டி விட்டு ஒரு நாட்டுக்காரனா மாறிட்டார்.

அதுக்கு அப்புறம் திரும்பத் திரும்பத் தப்பிச்சார். போலந்துல ஷூபின் முகாம்ல இருந்து தப்பிச்சதுதான் பேமஸ், கக்கூஸ் கழிவு ஏத்திட்டுப் போற வண்டியோட தொட்டிக்குள்ள ஒளிஞ்சு வெளிய போனார். வார்சா வரைக்கும் போய் அங்க மறுபடி மாட்டுனார். 1944-ல கெஸ்டபோ உண்மையான பேரக் கண்டுபிடிச்சு ப்ராகுக்குக் கொண்டு போய் ராஜதுரோக வழக்கு போட்டுச்சு, கடைசில ஜெர்மனில கோல்டிட்ஸ் கோட்டைல கைதியா இருக்கும்போது அமெரிக்கப் படை வந்து விடுவிச்சுச்சு. பிரிட்டன் எம்.பி.இ. விருது குடுத்துச்சு. இங்கிலீஷ் பொண்ணக் கல்யாணம் பண்ணி ஊருக்கு வந்தார். 1948-ல கைது. பத்து வருஷம், அப்புறம் அதுக்கு மேல இன்னொரு இருபது. யாகிமோவ் யுரேனியம் சுரங்க முகாம்ல 1957 ஆகஸ்ட் 11 மாரடைப்புல செத்தார், வயசு 41. அதே ராஜதுரோகக் குற்றச்சாட்ட ரெண்டு எதிரெதிர் ஆட்சியும் ஒரே ஆள் மேல போட்டிருக்கு.

அஸ்திய வீட்டுக்குக் குடுக்கல, எங்க வெச்சாங்கன்னும் சொல்லல. ப்ராக் மோடோல் கல்லறைல கொட்டியிருக்காங்கன்னு 2000-க்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதாவது ஐம்பது வருஷம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பூ வெக்கிற இடம் கூட இல்ல. இப்ப லாஷ்டியானில அவருக்கு நினைவுப் பலகை இருக்கு, ப்ராக்ல செர்னி மோஸ்ட் ஏரியால அவர் பேர்ல தெரு இருக்கு. அந்த ஏரியா பெரிய அபார்ட்மெண்ட் காலனி, தெருக்கள்ல ஏகப்பட்டது விமானிகள் பேருதான், யனோவ்ஷெக்குக்கும் அங்க ஒரு தெரு. பால் வாங்கப் போறவன் தெனமும் அந்தப் பேரச் சொல்லுவான், யாருன்னு தெரியாம கூட.

பலகைய எப்படிப் படிக்கிறது

இப்ப முதல் கேள்விக்கு வரலாம். ஊர்ல வெக்கிற கல்லு சாவக் குறிக்கிற கல்லு இல்ல, "இவன் எங்க ஊர்க்காரன்"னு திரும்பச் சொல்ற கல்லு. செக்ல ரோடாக்னு ஒரு வார்த்தை, நம்ம "ஊர்ப் புள்ள" மாதிரி, அந்த மண்ணுல பொறந்தவன்னு அர்த்தம். பலகைல பெரும்பாலும் "இந்த வீட்டுல பொறந்தார்"னுதான் முதல் வரி இருக்கும், செத்த தேதி கீழ வரும். போட்டோவுலயோ நேர்லயோ பாத்தா இதையெல்லாம் கவனிங்க:

1. வெச்ச வருஷம். 1945-48-னா சுட்ட புண் ஆறாத குடும்பம் வெச்சது. 1990-கள்னா பழைய விமானிகளும் உறவுக்காரங்களும் உயிரோட இருந்து வெச்சது. 2010-க்கு மேலன்னா பெரும்பாலும் ஊர் வரலாற்று ஆர்வலர், பேரப் பிள்ளைங்க, நகராட்சி. வருஷத்தப் பாத்தாலே யார் பேசுறாங்கன்னு தெரிஞ்சுடும்.

2. வினைச்சொல். "பாட்ல்"னு இருந்தா சண்டைல வீழ்ந்தார். "ஸாஹினுல்"னா உயிரிழந்தார், விபத்தும் இதுல வரும். காணாமப் போனவருக்கு "நெஸ்வெஸ்ட்னி". பயிற்சிப் பறப்புல, மூடுபனில, எறங்கும்போது செத்தவங்க நிறைய பேர், அவங்க எல்லாரையும் "வீழ்ந்தார்"னு போட்டுடுற பலகைகளும் உண்டு, அது பாசத்துல வர்ற தப்பு.

3. பதவி. இங்கிலாந்துக் கல்லறைல சார்ஜென்ட்னு இருக்கும், ஊர்ப் பலகைல கர்னல்னு இருக்கும், ரெண்டும் வேற ஆளோன்னு குழம்ப வேண்டாம். 1990-களோட தொடக்கத்துல குடுத்த பதவி உயர்வுதான் காரணம். ரெண்டுமே சரி.

4. எழுத்து. பிரிட்டிஷ் ஆவணத்துல செக் பேருக்கு மேல வர்ற கொக்கியும் கோடும் இருக்காது, அதனால பேரு சப்பையாத் தெரியும். ஊர்ல வெச்ச கல்லுலதான் அம்மா கூப்பிட்ட மாதிரி பேரு முழுசா இருக்கும்.

5. சின்னம். ஆர்.ஏ.எஃப். இறக்கை, செக்கோஸ்லோவாக் சிங்கம், ஸ்க்வாட்ரன் வாசகம். சில சமயம் வேற நாட்டுச் சின்னமும் இருக்கும். யோசெஃப் ஃப்ரான்டிஷெக் விஷயத்துல அப்படி ஆகலாம்: மொராவியால ஓட்டாஸ்லாவிட்சே ஊர்ப் பையன், ஆனா பறந்தது 303 போலிஷ் ஸ்க்வாட்ரன்ல. கூட்டத்தோட பறக்காம தனியாப் பிரிஞ்சு போய் வேட்டையாடுவார், அதட்டிப் பாத்து முடியாம "ஸ்க்வாட்ரனோட விருந்தாளி"ன்னு பேரு வெச்சு விட்டுட்டாங்க. 1940 செப்டம்பர் ஒரே மாசத்துல 17 விமானம், அக்டோபர் 8 காலைல சர்ரேல தரைல மோதி சாவு. புதைச்சிருக்கறது லண்டன் நார்த்வுட் கல்லறைல போலிஷ் விமானிகளோட. போலந்தும் அவர தன் ஆளுன்னுது, செக்கும் தன் ஆளுன்னுது, ஓட்டாஸ்லாவிட்சேல இருக்குற கல்லு அந்தப் பஞ்சாயத்துல ஒரு சாட்சி.

சட்டப்படி பாத்தா, செக்ல 2004-ல வந்த 122-ஆம் நம்பர் சட்டம் ஒண்ணு இருக்கு, யுத்தக் கல்லறைகளுக்கும் அஞ்சலி இடங்களுக்கும். உடம்பு இருந்தாதான் கணக்குன்னு இல்ல, வெறும் பலகையும் அதுல வரும். புதுசா வெக்க, இடம் மாத்த, எடுக்க பாதுகாப்பு அமைச்சகத்தோட ஒப்புதல் வேணும், ஒவ்வொண்ணுக்கும் பதிவேட்டுல ஒரு நம்பர் உண்டு, பராமரிக்கிற பொறுப்பு இடத்தோட சொந்தக்காரருக்கு. அதாவது நாளைக்கு அந்தப் பழைய வீட்ட வாங்குற ஆள் சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது பலகையக் கழட்டி வீசிட முடியாது.

எல்லாருக்கும் கல்லு கெடைக்காது

பெரிய சின்னம் வெச்சா சண்டை வரும், சின்னது வெச்சா வராது, இது ப்ராக்ல நல்லாத் தெரிஞ்சுது. 2014 ஜூன் 17 அன்னிக்கு ப்ராக் க்ளாரோவ்ல இறக்கை வெச்ச சிங்கம் சிலைய சர்ச்சிலோட பேரன் நிக்கலஸ் சோம்ஸ் திறந்து வெச்சார். செஞ்சது பிரிட்டிஷ் சிற்பி காலின் ஸ்போஃபோர்த், குடுத்தது செக், ஸ்லோவாகியால வாழுற பிரிட்டிஷ்காரங்க. நன்றிக்கடன்தான், ஆனா பழைய நகரத்துக்கு நடுவுல இப்படி ஒரு வெண்கலச் சிங்கம் ரசனைக் கேடுன்னு கலைஞர்கள் கொதிச்சாங்க. எனக்கு அந்தச் சிலையோட அழகப் பத்தி பெரிய அபிப்பிராயம் இல்ல. ஆனா ஸ்வேபோஹொவ் மாதிரி ஒரு கிராமத்துல ஆர்னோஷ்ட் வாலென்டாவுக்கு இருக்குற கல்லப் பத்தி யாரும் ரசனை விவாதம் பண்ண மாட்டாங்க. ஸ்டாலாக் லுஃப்ட் 3-ங்கற ஜெர்மன் போர்க்கைதி முகாம்ல இருந்து 1944 மார்ச்ல சுரங்கம் தோண்டித் தப்பிச்சவங்கள்ல பிடிபட்ட 50 பேர கெஸ்டபோ சுட்டுச்சு, அதுல ஒரே செக்காரர் அவர். அந்த ஊருக்கு அவர் ஹீரோ அப்புறம்தான், முதல்ல தெரிஞ்ச வீட்டுப் பையன்.

கல்லு வெக்கக் கூடாதவங்களும் உண்டு. அவுகுஸ்டின் ப்ஷெவுச்சில்னு ஒருத்தன், அவனும் ஆர்.ஏ.எஃப். செக் விமானிதான். 1941 செப்டம்பர்ல பயிற்சிப் பறப்புல கெளம்பி ஹரிக்கேனோட பெல்ஜியம் போய் ஜெர்மன்காரங்க கிட்ட ஒப்படைச்சுட்டான், கெஸ்டபோவுக்கு ஆள் காட்டுனான். பிரிட்டன்ல அவன் கடல்ல விழுந்து செத்துட்டான்னு நெனச்சுட்டு இருந்தாங்க. 1947-ல ப்ராக்ல தூக்கு. பட்டியல்ல பேரு இருக்குதேன்னு பாக்காம எல்லாருக்கும் பலகை அடிக்க முடியாதுங்கறதுக்கு இவன் ஒருத்தன் போதும்.

திரும்பி வந்து ஜெயிலுக்கும் போகாம, நாட்டுலயும் இல்லாமப் போனவங்களுக்கு இன்னும் லேட். ஹாவ்லீச்கூவ் ப்ரோட் பக்கத்துல ஸ்வாட்டி கிரீஷ் ஊர்ல பொறந்த கரெல் குட்டெல்வாஷர், ராத்திரில ஜெர்மன் தளத்துக்கு மேலயே போய்க் காத்திருந்து எறங்க வர்ற விமானத்தச் சுடுறதுல கில்லாடி, 1942-ல மூணே மாசத்துல அப்படி 15 வீழ்த்துனார். யுத்தம் முடிஞ்சு வந்து நெலமையப் பாத்துட்டு 1946-லயே பிரிட்டன் திரும்பி பயணிகள் விமானம் ஓட்டுனார், 1959-ல அங்கயே செத்தார், 42 வயசு. அவர் பொறந்த வீட்டுல பலகை வர்றதுக்கு ஆட்சி மாற வேண்டியிருந்துச்சு.

கடைசியா, யாரும் கேக்காத கூட்டம் ஒண்ணு இருக்கு. ஊர்ப் பலகைக்குப் பின்னாடி எப்பவும் ஒரு ஆள் வேணும், மனு போட, போட்டோ தேடிக் குடுக்க, சுவத்துக்காரர்கிட்ட பேச. அக்கா பேத்தியோ, பெரியப்பா பேரனோ. யூத விமானிகள் பல பேருக்கு அப்படி ஒருத்தரும் மிஞ்சல, அவங்க பிரிட்டன்ல இருந்து பறந்துட்டு இருந்தப்பவே வீட்டுல இருந்த எல்லாரையும் டெரெஸின் முகாம் வழியா ஆஷ்விட்ஸ் ரயில்ல ஏத்திட்டாங்க. வீட்டுல ஜெர்மன் பேசி வளந்தவங்க ஊர்லயும் 1945-க்கு அப்புறம் பழைய ஜனங்க துரத்தப்பட்டு வேற ஆளுங்க குடியேறிட்டாங்க, அங்க இப்ப இருக்குறவங்களுக்கு அந்தப் பேரு அந்நியப் பேரு. 310-ல பறந்த எமில் போச்செக், பிரிட்டன்ல இருந்து பறந்த செக் சண்டை விமானிகள்ல கடைசி ஆள், 2023 மார்ச்ல ப்ர்னோல தன்னோட நூறாவது வயசுல போயிட்டார். இவங்க கூடப் பறந்தவர்னு சொல்லி வந்து அந்தப் பேருங்களுக்காக ஒரு ஊராட்சி ஆபீஸ் கதவத் தட்ட இனிமே அவரும் இல்ல.